ஆளில்லாத் தீவில் எரிமலை வெடித்ததை யார் எழுதிவைத்தார்கள்?

அலூஷியன் தீவுகளின் எரிமலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்டது இது: சில மலைகளுக்கு 1700களிலிருந்தே வெடிப்பு ஆண்டுகள் வரிசையாக இருக்கின்றன, சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. 1940களில் திடீரென்று பதிவுகள் கூடுகின்றன, 1990களுக்குப் பிறகு இன்னும் கூடுகின்றன. அப்படியானால் எரிமலைகளின் சீற்றம் அதிகமாகிறதா? ஆளே இல்லாத தீவில் மலை வெடித்ததை யார் பார்த்து எழுதினார்கள்?

சீற்றம் கூடியதற்குச் சான்று எதுவும் இல்லை. பார்ப்பவர்கள்தான் கூடினார்கள். அந்தப் பட்டியலை மலைகளின் வரலாறாக மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம். அந்தக் கடலுக்கு யார், எப்போது, எதற்காகப் போனார்கள் என்ற கதையும் அதே ஆண்டுகளுக்குள் கலந்து கிடக்கிறது. இரண்டையும் பிரித்துப் படிக்கப் பழகிவிட்டால் பட்டியல் சொல்வதும் புரியும், சொல்லாமல் விட்டதும் புரியும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அலாஸ்கா தீபகற்பத்தின் நுனியில் தொடங்கி, ரஷ்யாவின் கம்சட்காவை நோக்கி ஏறக்குறைய 1,900 கி.மீ. வில்லாக வளைந்து போகிறது இந்தத் தீவு வரிசை. வடக்கே பெரிங் கடல், தெற்கே பசிபிக். பூமியின் மேலோட்டுப் பெரும்பாறைத் துண்டுகளில் ஒன்றான பசிபிக் தட்டு ஆண்டுக்கு ஆறேழு செ.மீ. வேகத்தில் வட அமெரிக்கத் தட்டுக்கு அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. புகும் இடம்தான் தீவுகளுக்குத் தெற்கே இருக்கும் அலூஷியன் அகழி. இறங்கும் தட்டு தன்னோடு கடல்நீரையும், நீர் ஏறிய கனிமங்களையும் கொண்டுபோகிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அந்த நீர் வெளியேறி மேலே உள்ள சூடான பாறைக்குள் கசிகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அப்படி உருகி மேலேறும் குழம்புதான் இத்தனை மலைகளையும் கட்டியது. மேற்கே போகப் போக வரிசையின் வளைவால் தட்டு நேராக இறங்காமல் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிறது. பல்டிர் தீவுக்கு அப்பால், அட்டு போன்ற கடைசித் தீவுகளில், கடலுக்கு மேலே தலைகாட்டும் இளம் எரிமலை எதுவும் இல்லாததற்கு இதுவே பெரிய காரணம்.

இனி பார்த்தவர்களிடம் வருவோம். உனங்கான் மக்கள் குறைந்தது 8,000, 9,000 ஆண்டுகளாக அங்கே வாழ்கிறார்கள். ஓட்டைப் படகில் அல்ல, தோல் போர்த்திய கயாக்கில் அந்தக் கடலை வீட்டு முற்றம்போல் ஆண்டவர்கள். எந்த மலை புகைந்தது, எந்தக் கரை சாம்பலில் மூழ்கியது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 1741இல் ரஷ்யாவுக்காகக் கடலோடிய பெரிங்கின் பயணம் முடிந்ததும், கடல் நீர்நாய்த் தோலுக்காக ரஷ்ய வணிகர்கள் தீவு தீவாக வந்து இறங்கினார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் நோயும் வன்முறையும் கட்டாய உழைப்புமாக அந்த மக்கள்தொகையில் பெரும்பகுதி அழிந்தது. பட்டியல் 1700களின் நடுவில் தொடங்குவது ரஷ்யர்கள் அப்போது வந்தார்கள் என்பதால்தான். அதற்கு முந்திய ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் நேரடிச் சாட்சியம் பெரும்பாலும் சொன்னவர்களோடு போய்விட்டது. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிகப் பெரிய இழப்பு இதுதான்.

கொஞ்சம் மிஞ்சியதற்கு ஒரு பாதிரியாருக்கு நன்றி சொல்ல வேண்டும். இவான் வெனியாமினோவ் 1824 முதல் பத்தாண்டுகள் உனலாஸ்கா தீவில் இருந்தார். உனங்கான் மொழியைக் கற்று, பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். உம்னக் தீவின் ஓக்மோக் எரிமலை 1817இல் வெடித்து, டனாக் முனைப் பக்கம் இருந்த கிராமம் அழிந்த செய்தியெல்லாம் இப்படிப்பட்ட குறிப்புகள் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது.

ரஷ்யக் காலத்துப் பதிவுகளில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கடலில் வெயில் அடிக்கும் நாள் குறைவு. மூடுபனிக்கு நடுவே தூரத்தில் புகையைப் பார்த்த மாலுமி, அது எந்தத் தீவின் மலை என்று குத்துமதிப்பாகத்தான் எழுதியிருப்பார். சிகரத்தில் தங்கிய மேகமும் புகையாகிவிடும். அதனால் பழைய பதிவுகளில் பல இன்றும் ‘சந்தேகத்துக்குரியது’ என்ற குறியோடுதான் பட்டியலில் நிற்கின்றன. அந்தக் குறியைக் கவனிக்காமல் ஆண்டுகளை எண்ணிக் கூட்டிவிட்டு, “இந்த நூற்றாண்டில் இத்தனை” என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இதற்கு விதிவிலக்கு போகோஸ்லோஃப். உனலாஸ்காவுக்கு மேற்கே சுமார் 100 கி.மீ. தள்ளி, வரிசையிலிருந்து விலகிப் பெரிங் கடலுக்குள் தனியாக நிற்கும் குட்டித் தீவு. கடலடியிலிருந்து சுமார் 1,800 மீ. உயரும் மலையின் உச்சி மட்டும்தான் வெளியே தெரிகிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் தீவின் உருவமே மாறுவதால், கடந்து போகிற எந்தக் கப்பலும் அதைக் கவனிக்காமல் போக முடியாது. 1796 மே மாதம் புயலுக்கு ஒதுங்கி உம்னக்கின் வடகரையில் தங்கியிருந்த கிரியுகோஃப் என்ற ரஷ்ய வணிகர், கடலுக்கு நடுவே நெருப்போடு ஒரு புதிய நிலம் எழுவதைப் பார்த்தார். எட்டு ஆண்டுகள் கழித்து அங்கே போன வேட்டைக்காரர்களுக்கு, சுற்றியிருந்த கடல்நீர் வெதுவெதுப்பாகவே இருந்திருக்கிறது. 1883இல் பக்கத்தில் இன்னொரு குன்று எழுந்தது. 1906இல் நடுவே ஒன்று, 1907இல் மற்றொன்று. கடைசியாகச் சொன்னதற்கு மக்கல்லக் சிகரம் என்று பெயர்கூட வைத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி அது வெடித்துச் சிதறி, உனலாஸ்காவில் சாம்பலாக விழுந்தது. வரைபடத்தில் மை காய்வதற்குள் சிகரம் போயிற்று. 1909இல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அந்தத் தீவைச் சரணாலயமாக அறிவித்தார். அறிவித்ததால் தீவு அடங்கிவிடவில்லை. 1920களில், 1930களில், 1992இல் என்று அது பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இப்போது நீங்கள் கேட்ட 1940கள். உலகத்தின் மற்ற எரிமலைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால், இரண்டு உலகப் போர்க் காலங்களிலும் வெடிப்புகளின் எண்ணிக்கை குறைந்ததுபோல் தெரியும். மலைகளைப் பார்த்து எழுத வேண்டியவர்களுக்கு வேறு கவலை இருந்த காலம் அது. அலூஷியனில் இதற்கு நேர்மாறு. 1942 ஜூனில் ஜப்பான் உனலாஸ்காவின் டச்சு ஹார்பர் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கி, அட்டுவையும் கிஸ்காவையும் பிடித்தது. பதிலுக்கு அமெரிக்கா ஆயிரக்கணக்கான சிப்பாய்களைக் கொண்டுவந்து தீவு தீவாக இறக்கியது. அதுவரை நரிகளும் பறவைகளும் மட்டும் இருந்த இடங்களில் ராடார், ஓடுதளம், காவல் கூடாரம். ஓக்மோக்கின் அடிவாரத்திலேயே ஃபோர்ட் கிளென் விமானத்தளம் எழுந்தது. மலை புகைந்தால் யாராவது ஒருவர் நாட்குறிப்பில் எழுதாமல் விடுவாரா? 1944இல் சுகினாடக் தீவின் கிளீவ்லாந்து எரிமலை, 1945இல் கிரேட் சிட்கின், அதே ஆண்டு ஓக்மோக் என்று பதிவுகள் வரிசை கட்டின. கிளீவ்லாந்து வெடித்தபோது அந்தத் தீவின் காவல் முகாமைச் சேர்ந்த ஒரு சிப்பாய் உலாவப் போனவர் திரும்பவில்லை. அலூஷியனில் எழுத்துப் பதிவு தொடங்கிய பிறகு எரிமலை வெடிப்பு நேரடியாக உயிர் வாங்கியதாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இதற்கு ஒரு கசப்பான மறுபக்கமும் உண்டு. சிப்பாய்கள் வந்த அதே வேளையில் உனங்கான் மக்களை அமெரிக்க அரசு ஊரைவிட்டு எடுத்தது. 880 பேருக்கு மேல், தென்கிழக்கு அலாஸ்காவில் கைவிடப்பட்ட மீன் ஆலைகளிலும் பழைய முகாம்களிலும் அடைக்கப்பட்டார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவர் அங்கேயே இறந்தார். மலைகளை அறிந்தவர்கள் வெளியே, அறியாதவர்கள் உள்ளே. பட்டியலின் செழிப்பான பத்தாண்டு இப்படித்தான் வந்தது.

போர் முடிந்த கையோடு ராணுவத்தின் ஒத்துழைப்போடு அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை இந்த எரிமலைகளை முறையாக ஆராயத் தொடங்கியது. பிறகு தளங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின, பதிவுகளும் மெலிந்தன. விமானிகளும் மீன்பிடிப் படகுக்காரர்களும் சொன்னால்தான் உண்டு. 1980களிலிருந்து செயற்கைக்கோள் படங்கள் கைகொடுத்தன. 1988இல் அலாஸ்கா எரிமலை ஆய்வகம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பர் 15 அன்று, தீவு வரிசைக்குக் கிழக்கே பெருநிலத்தில் இருக்கும் ரிடவுட் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் ஒரு கே.எல்.எம். ஜம்போ விமானம் புகுந்து, நான்கு இன்ஜின்களும் அணைந்து, 4 கி.மீ. அளவுக்குக் கீழே இறங்கிய பிறகே விமானிகள் அவற்றை மறுபடி உயிர்ப்பித்தார்கள். உள்ளே 245 பேர். வட அமெரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் இடையே பறக்கும் விமானங்கள் இந்தத் தீவுகளுக்கு மேலேதான் போகின்றன. ஆளில்லாத மலைக்கு ஏன் காவல் என்று கேட்டவர்களுக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. இப்போது உலகம் முழுக்கப் பயன்படும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற விமானப் பாதுகாப்பு நிறக் குறியீடு இந்த ஆய்வகம் ரிடவுட் சமயத்தில் உருவாக்கியதுதான். 1990களின் பின்பாதியிலிருந்து நில அதிர்வுக் கருவிகள் மேற்கு நோக்கித் தீவு தீவாக ஏறின. பட்டியலில் நீங்கள் பார்க்கும் இரண்டாவது ஏற்றத்துக்குக் காரணம் இவையே.

கருவி இருந்தும் மலை ஏமாற்றும் என்பதற்கு 2008 கோடைக்காலம் நல்ல பாடம். ஜூலை 12ஆம் தேதி ஓக்மோக் வெடித்தது. அதிர்வுகள் தொடங்கியதற்கும் வெடிப்புக்கும் நடுவே ஐந்து மணி நேரம்கூட இல்லை. எரிமலைக்குழம்பு நிலத்தடி நீரைச் சந்தித்ததால் சாம்பலும் நீராவியுமாக 16 கி.மீ. உயரம் போயிற்று. பழைய ஃபோர்ட் கிளென் பக்கம் மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஒரு குடும்பத்தை அவசரமாக வெளியேற்றினார்கள். ஒன்பது நாளில் கிளீவ்லாந்து வெடித்தது. அதற்கும் இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 7 அன்று, யாரும் எதிர்பார்க்காத கசடோச்சி.

கசடோச்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 3 கி.மீ. அகலமுள்ள சின்னத் தீவு. நடுவில் எரிமலை வாய், அதில் ஒரு ஏரி. உறுதியான வெடிப்பு எதுவும் எழுத்தில் இல்லை, சில சந்தேகக் குறிப்புகள் மட்டும்தான். அங்கே ஒரு நில அதிர்வுக் கருவிகூடக் கிடையாது. அருகில் இருந்தவை சுமார் 40 கி.மீ. மேற்கே, கிரேட் சிட்கினில். ஆக்லெட் என்ற சிறு கடற்பறவைகளை ஆராய இரண்டு உயிரியலாளர்கள் அங்கே கூடாரம் போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் தரை ஆடத் தொடங்கியது. முதலில் எப்போதாவது, பிறகு ஓயாமல். பாறைகள் சரிவில் உருண்டன. அவர்களை ஹெலிகாப்டரில் எடுக்க வானிலை விடவில்லை. அடக் தீவிலிருந்து ஒரு மீன்பிடிப் படகு கரடுமுரடான கடலில் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவர்கள் விலகிய சிறிது நேரத்தில் மலை வெடித்தது. அந்த நாளின் மிகப் பெரிய அதிர்வு 5.8 அளவு. கூடாரம் இருந்த இடத்தை நெருப்புச் சாம்பல் வெள்ளம் மூடியது. வெளியேறிய சல்பர் டை ஆக்சைடு, 1991க்குப் பிறகு அதுவரை உலகில் எந்த வெடிப்பும் வெளியிடாத அளவு. அந்த மாதம் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அந்தி வானம் வழக்கத்துக்கு மாறாகச் செக்கச் சிவந்து கிடந்ததற்கு இந்தத் தீவுதான் காரணம்.

பறவைகள்? ஆக்லெட்டுகள் பாறை இடுக்குகளுக்குள்தான் முட்டையிடும். அந்த ஆண்டுக் குஞ்சுகள் பல்லாயிரக்கணக்கில் புதைந்தன. வளர்ந்த பறவைகள் பெரும்பாலும் தப்பித்து, அடுத்த ஆண்டு வந்து பார்த்தால் இடுக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் சாம்பல் மேடு. ஆனால் இதே பறவைக்கு எரிமலை வீடும் கட்டிக்கொடுக்கிறது. கிஸ்கா தீவில் 1960களில் வழிந்து உறைந்த லாவாவின் பிளவுகளில் இன்று பத்து லட்சத்துக்கும் மேல் ஆக்லெட்டுகள் குடியிருக்கின்றன. பழைய லாவா மீது மண்ணும் புல்லும் படிந்து இடுக்குகள் தூர்ந்துவிட்டால் அவற்றுக்குப் பயனில்லை. அவ்வப்போது புது லாவா வேண்டும்.

செயற்கைக்கோள் மேகத்தைத் தாண்டிப் பார்க்காத நாட்களுக்கு இப்போது காதுகள் இருக்கின்றன. வெடிப்பு எழுப்பும் ஒலியில் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண் அலைகள் நூற்றுக்கணக்கான கி.மீ. போகும். கிளீவ்லாந்தில் கருவியே இல்லாத 2011-12 காலத்தில், தொலைதூரத் தீவுகளின் கருவிகளில் விழுந்த ஒலியலைத் தடங்களைத் தோண்டி எடுத்து 20 வெடிப்புகளை அடையாளம் கண்டார்கள். அவற்றில் பலவற்றைப் படத்தில் மட்டும் நம்பியிருந்தால் தவறவிட்டிருப்போம். 2016 டிசம்பரில் தொடங்கி 2017 ஆகஸ்ட் வரை போகோஸ்லோஃப் 70 முறை வெடித்தது. தீவில் ஒரு கருவியும் கிடையாது. உம்னக்கில் 60 கி.மீ. தள்ளி இருந்த ஒலிவாங்கிகளும், மின்னல் கண்டறியும் வலையமைப்பும், தூரத்து நில அதிர்வுக் கருவிகளும்தான் கணக்கு வைத்தன. சாம்பல் மேகத்துக்குள் வெட்டும் மின்னலின் இடியோசையை வெடிப்போசையிலிருந்து பிரித்துப் பதிவு செய்தது அங்கேதான் முதல் முறை. தீவு மூன்று மடங்குக்கு மேல் பெருத்தது. அதன் கரையில் ஆயிரக்கணக்கில் குட்டி போடும் ஃபர் சீல்கள் வெடிப்பு நடந்த கோடையிலேயே திரும்பி வந்து, புது மணலில் படுத்துக்கொண்டன!

எழுத்துக்கு முந்திய காலத்தை எப்படி அறிகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீவுகளில் மரம் இல்லை. குளிரும் ஈரமும் சேர்ந்து, செத்த புல்லும் பாசியும் மட்காமல் கரும்பழுப்புக் கரிமண்ணாக அடுக்கடுக்காய்ச் சேர்கின்றன. கடலரிப்பில் வெட்டுப்பட்ட ஒரு கரையோர மேட்டைச் செதுக்கிப் பார்த்தால், கரிமண்ணுக்கு நடுவே மஞ்சள், சாம்பல், கறுப்பு நிறங்களில் கோடுகள் தெரியும். சில கோடு நூல் தடிமன், சில முழம் தடிமன். ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பின் சாம்பல். மேலும் கீழும் உள்ள கரிமண்ணின் வயதைக் கார்பன் முறையில் கணித்தால் காலம் கிடைக்கும். சாம்பலின் கண்ணாடித் துகள்களின் வேதிக் கலவையை ஒப்பிட்டால் எந்த மலை என்பது தெரியும். ஒவ்வொரு எரிமலையின் கண்ணாடிக்கும் ஓரளவு தனி அடையாளம் உண்டு.

இந்த அடையாளத்தால் கிடைத்ததுதான் ஓக்மோக்கின் பெரிய செய்தி. ஓக்மோக்கின் உச்சியில் 10 கி.மீ. அகலமுள்ள பெருங்குழி இருக்கிறது. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு முறையும், 2,000 சொச்சம் ஆண்டுகளுக்கு முன் இன்னொரு முறையும் மலையின் தலையே உள்ளே சரிந்து உண்டானது. அந்த இரண்டாவது வெடிப்பின் சாம்பல் துகள்கள் கிரீன்லாந்துப் பனிக்கட்டிக்குள் கிடைத்தன. 2020இல் வெளியான ஆய்வு அதன் காலத்தை கிமு 43இன் தொடக்கம் என்று நிறுத்தியது. ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டது கிமு 44 மார்ச்சில். அடுத்த இரண்டு ஆண்டுகள் வட அரைக்கோளத்தில் கடந்த 2,500 ஆண்டுகளின் மிகக் குளிர்ந்த ஆண்டுகளில் சேரும். இத்தாலியில் பஞ்சம், எகிப்தில் நைல் வெள்ளம் பொய்த்தது என்று பழைய நூல்களில் இருப்பதோடு இது பொருந்துகிறது. காலமும் குளிரும் உறுதியான செய்திகள்தான். ஆனால் “அலாஸ்கா எரிமலை ரோமக் குடியரசைக் கவிழ்த்தது” என்று தலைப்பு போட்டவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. உள்நாட்டுப் போருக்கு அங்கே ஆள்களே போதுமானவர்களாக இருந்தார்கள். விளைச்சல் பொய்த்தது நிலைமையை மோசமாக்கியிருக்கும், அவ்வளவே.

ஆக, பட்டியலில் ஒரு மலைக்கு எதிரே ஒன்றும் எழுதப்படவில்லை என்றால், பக்கத்தில் ஊர் இருந்ததா, கப்பல் வழி இருந்ததா, போரில் தளம் இருந்ததா, கருவி எப்போது வைத்தார்கள் என்று பாருங்கள். அகுடன் எரிமலைக்கு 1790 முதல் 30க்கும் மேற்பட்ட வெடிப்புகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த மலை உண்மையிலேயே ஓயாத மலை, அதோடு அதே தீவில் ஊரும் இருக்கிறது. யுனிமக் தீவின் ஷிஷால்டின் 2,857 மீ. உயரம், தீவுகளிலேயே உயர்ந்த சிகரம், கச்சிதமான கூம்பு. கப்பலிலிருந்து தொலைவிலேயே தெரியும் என்பதால் பதிவு நிறைய. மேற்கே, 180 பாகைத் தீர்க்கரேகையைத் தாண்டிக் கிழக்கு அரைக்கோளத்துக்குள் போய்விட்ட செமிசோபோச்னோய் பக்கம் யாரும் போவதில்லை. அதன் 2018, 2021 வெடிப்புகள் கருவிகளின் தயவில் எழுதப்பட்டவை. அதற்கு முந்திய அமைதியில் எவ்வளவு உண்மை என்று அங்கே கரிமண்ணைத் தோண்டித்தான் கேட்க வேண்டும்.

நடப்பு நிலவரம் வேண்டுமென்றால் கிரேட் சிட்கினைப் பின்தொடருங்கள். 2021 மே மாதம் ஒரு வெடிப்பு, ஜூலையிலிருந்து உச்சிக் குழிக்குள் லாவா மெதுவாக ஊறத் தொடங்கியது. ஆர்ப்பாட்டமே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நீண்ட வெடிப்பு அது. போருக்கு முன் நடந்திருந்தால் பட்டியலில் ஒரு வரிகூட ஏறாமல் போயிருக்கலாம். அலாஸ்கா எரிமலை ஆய்வகம் தன் இணையதளத்தில் தினமும் நிலவரம் போடுகிறது. ஒவ்வொரு மலைக்கும் வெடிப்பு வரலாற்றுப் பக்கம் உண்டு, எந்தப் பதிவு யார் சொன்னது என்பதும் அதில் கூடவே இருக்கும். ஆண்டைப் பார்ப்பதற்கு முன் அந்தக் குறிப்பைப் படியுங்கள்.